தரவைக் கொடுத்துச் சலுகை வாங்குவது எப்படி? சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு கையேடு

தேக்காச் சந்தையில் அரைக் கிலோ நெத்திலிக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுபவருக்காக எழுதப்பட்ட கையேடு இது. அதே மனிதர் பத்தடி தள்ளிப் புதிதாகத் திறந்த கடை வாசலில், ஓர் இலவசத் துணிப்பைக்காகத் தன் பெயர், கைப்பேசி எண், பிறந்த தேதி, மின்னஞ்சல் அத்தனையையும் அரை நிமிடத்தில் எழுதிக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "வேற ஏதாச்சும் எழுதணுமா தம்பி?" என்றும் கேட்பார். நெத்திலி வியாபாரத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது வியாபாரத்தில்தான் கொஞ்சம் பயிற்சி தேவைப்படுகிறது. எழுதிக் கொடுக்க அரை நிமிடம் எடுத்துக்கொள்வதே அதிகம்.

முதலில் மனநிலையைச் சரிசெய்துகொள்ளுங்கள். என் அந்தரங்கம் எனக்கு உயிர் என்று அடிக்கடி, உரக்கச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தோதான இடம் வாட்ஸ்ஆப். 2021 ஜனவரி முதல் வாரத்தில் அந்தச் செயலி தன் விதிமுறைகளை மாற்றப்போவதாக அறிவித்தது. பிப்ரவரி 8க்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. அவ்வளவுதான், குடும்பக் குழுக்கள் எல்லாம் கொதித்தெழுந்தன. "நாம பேசுறது எல்லாம் ஃபேஸ்புக்குக்குப் போகுதாம், உடனே எல்லாரும் டெலிகிராமுக்கு மாறுங்க" என்ற செய்தி வாட்ஸ்ஆப்பிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கெடு மே 15க்குத் தள்ளிப்போயிற்று. மே வந்தபோது எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அன்று டெலிகிராமில் தொடங்கிய குழுவில் இன்றும் கடைசிச் செய்தி ஒரு பொங்கல் வாழ்த்துதான். இந்தக் கையேட்டை எழுதத் தூண்டுகோலாக இருந்தவர்கள் இத்தகைய மனிதர்களே. கோபம் முறையாகப் பதிவாயிற்று, சேவையும் தடைபடவில்லை.

அடுத்தது ஐசி, அதாவது அடையாள அட்டை. இதில் நமக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. பேரங்காடியில் கார் பரிசு குலுக்கலுக்கு ரசீதின் பின்பக்கம் ஐசி நம்பர் எழுதி, கண்ணாடிப் பெட்டியில் ஊரே பார்க்கும்படி போட்டிருக்கிறோம். அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாதுகாவலர் அங்கிளிடம் ஐசி அட்டையையே கொடுத்துவிட்டு மேலே போயிருக்கிறோம். அவர் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பார். 2019 செப்டம்பர் 1 முதல் இந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. சட்டம் கேட்டால், அல்லது ஆள் இன்னார்தான் என்று மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தால் தவிர, நிறுவனங்கள் முழு எண்ணைக் கேட்கக் கூடாது என்றாகிவிட்டது. அன்று முதல் நாம் கடைசி மூன்று இலக்கத்தையும் ஓர் எழுத்தையும் மட்டும் சொல்கிறோம். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதும் உண்டு, பாதிக்கு மேல் மறைத்துவிட்ட பெருமிதத்தில்.

மறைத்தது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். 1968 முதல் பிறந்தவர்களுக்கு ஐசியின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. முன்னால் நிற்கும் எழுத்து, 2000க்கு முன் பிறந்திருந்தால் எஸ், பிறகு பிறந்திருந்தால் டி. பிறந்த தேதியைத்தான் அதே படிவத்தில், பிறந்தநாள் தள்ளுபடிக்காக, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக மிஞ்சுவது நடுவில் இரண்டு இலக்கம். அதாவது நூறு சாத்தியங்கள். கடைசி எழுத்து சும்மா வைத்ததில்லை, முன்னால் உள்ள ஏழு இலக்கங்களைப் பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்து வருவது. அதையும் பொருத்திப் பார்த்தால் நூறு என்பது ஒன்பது, பத்தாகச் சுருங்கிவிடும். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளை ஒரு மதியத்தில் எழுதிவிடக்கூடிய நிரல். ஆனாலும் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், பார்க்க நன்றாக இருக்கிறது.

2024 டிசம்பர் 9 அன்று நிறுவனப் பதிவுகளைக் கவனிக்கும் அக்ரா தன் புதிய பிஸ்ஃபைல் இணையவாசலைத் திறந்தது. பெயரைத் தட்டினால் போதும், முழு ஐசி எண்ணும் இலவசமாக வந்து நின்றது. எப்போதோ ஒரு சிறு நிறுவனம் தொடங்கி மூடியவர், மைத்துனர் கேட்டுக்கொண்டதற்காக இயக்குநராகக் கையெழுத்துப் போட்டவர் என எல்லோரும் அதில் இருந்தார்கள். டிசம்பர் 13 அன்று தேடும் வசதி மூடப்பட்டது. 19ஆம் தேதி அமைச்சர் ஜோசஃபின் டியோ மன்னிப்புக் கேட்டார். கூடவே வந்த விளக்கம்தான் முக்கியம்: ஐசி எண் என்பது பெயரைப் போல ஆளைக் குறிப்பதற்கு, அது இரகசியம் அல்ல, அதை மறைச்சொல்லாகப் பயன்படுத்துவதுதான் தவறு, பாதி மறைத்து வைப்பது வீண் நிம்மதி. யோசித்துப் பார்த்தால் விளக்கம் சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் நம்மைப் பொத்திப் பொத்திச் சொல்லவைத்துவிட்டு, பொத்துவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்றால் எப்படி? அந்த வாரம் என் மின்னஞ்சலில் வந்த காப்புறுதிக் கடிதம் பூட்டப்பட்டிருந்தது. திறக்கும் சாவி ஐசி நம்பர்தான் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஐசி எண்ணைச் சாவியாக வைக்காதீர்கள் என்று நிறுவனங்களுக்கு முறையான அறிவுரை வந்தது 2025 ஜூனில்.

ஐசி முடிந்தது, இனிக் கால்களை விற்கலாம். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தேசிய நடைச் சவாலைத் தொடங்கியது. நீங்கள் நடக்க வேண்டும், எத்தனை அடி நடந்தீர்கள் என்பதை ஹெல்தி 365 செயலியிடம் சொல்ல வேண்டும், அது புள்ளி கொடுக்கும், புள்ளி பற்றுச்சீட்டாக மாறும். ஃபேரர் பார்க்கில் இறங்கிச் செராங்கூன் சாலை வழியாக வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்தால் அம்மனும் அருள்வாள், வாரியமும் அருளும். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, அடிகளை எண்ணும் கைப்பட்டையை மேசைக்கடியில் ஆட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்பார் சிலர். என்னைக் கேட்டால், இந்தத் தீவில் தன் தரவைப் பற்றி உண்மையிலேயே சிந்தித்துச் செயல்படும் ஒரே கூட்டம் அவர்கள்தான். விற்கிறார்கள், ஆனால் போலியை விற்கிறார்கள்.

சமூக மேம்பாட்டு மன்றங்கள் தரும் சிடிசி பற்றுச்சீட்டில் இன்னொரு வகைத் தேர்ச்சி தேவை. குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் அந்த இணைப்பை வீட்டில் ஒருவர் சிங்பாஸ் வழியாக நுழைந்து பெற வேண்டும். பிறகு அது குறுஞ்செய்தியாக வரும், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் ஒரு சனிக்கிழமை காலை நின்று பாருங்கள்.

"தம்பி, இது வரமாட்டேங்குதேப்பா."

"இது போன தடவ லிங்க்மா. முடிஞ்சுபோச்சு. புதுசு யாரு போனுக்கு வந்துச்சு?"

"மருமக போனுக்கு."

"அனுப்பச் சொல்லுங்க. கறி வெட்டிடவா?"

"வெட்டு, வெட்டு. நெஞ்செலும்பு கொஞ்சம் சேத்துப் போடு."

மருமகளிடமிருந்து இணைப்பு வருகிறது. கண்ணாடியை மறந்துவிட்டு வந்த அம்மா கைப்பேசியைக் கறிக்கடைக்காரரிடமே நீட்டி, "நீயே அமுக்குப்பா" என்கிறார். அவர் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, பத்து வெள்ளிச் சீட்டு இரண்டைத் தேர்ந்தெடுத்து, சதுரக் குறியீட்டைத் தன் கைப்பேசியால் படமெடுத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் திரையின் மேல்பகுதியில் வங்கிச் செய்தி ஒன்று வந்து போகிறது. மகள் கேட்டிருந்த கடன், பாலிகிளினிக் சந்திப்பு எல்லாம் வரிசையாக எட்டிப் பார்க்கின்றன. கடைக்காரர் எதையும் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். அந்த அம்மாவுக்கு ஆபத்து இல்லை என்பதுதான் என் முடிவு. கடைக்காரரை அவருக்குப் பல்லாண்டாகத் தெரியும். நாளைக்கு ஏதாவது வெளியே கசிந்தால் நேரே வந்து கேட்பார், அதுவும் நாலு பேர் முன்னால் கேட்பார். அந்த வசதி எந்தச் செயலியிலும் இல்லை.

பற்றுச்சீட்டில் இன்னொரு நன்மை, மீதி எவ்வளவு என்று திரையிலேயே தெரியும். இதை அற்பமாக நினைக்காதீர்கள். சிங்கப்பூரர்கள் அண்மை ஆண்டுகளில் மின்னிலக்கச் சேவை ஒன்றுக்கு எதிராக ஒற்றுமையாகக் கொதித்தது இதற்காகத்தான். 2024 ஜனவரி 9 அன்று நிலப் போக்குவரத்து ஆணையம், பெரியவர்களுக்கான பழைய ஈஸி-லிங்க் அட்டைகளும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளும் ஜூன் 1 முதல் பொதுப் போக்குவரத்தில் செல்லாது, எல்லோரும் சிம்ப்ளிகோவுக்கு மாறுங்கள் என்றது. அப்போதைய சிம்ப்ளிகோவில் பயணக் கணக்கு மையக் கணினியில் இருந்தது, ரயில் நிலைய நுழைவாயிலில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று காட்டவில்லை, வேண்டுமானால் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாடே எழுந்து நின்றது. இரண்டே வாரம், ஜனவரி 22 அன்று போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவை மாற்றினார். பழைய அட்டைகளைத் தொடர்ந்து வைத்திருக்க மேலும் 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள்.

அந்த இரண்டு வாரமும் கோப்பிக்கடைகளில் காது கொடுத்துக் கேட்டேன். நான் எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்ற விவரம் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு கழித்தான், எவ்வளவு மீதி, அதைத் தட்டும்போதே காட்டு. அவ்வளவுதான் கோரிக்கை. மிக நியாயமான கோரிக்கை. வேடிக்கை என்னவென்றால், அதே கோரிக்கையை நாம் தரவு விஷயத்தில் வைப்பதே இல்லை. "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டும்போது என்னிடமிருந்து எவ்வளவு கழிந்தது, என்னிடம் இனி என்ன மீதி என்று எந்த வாயிலும் காட்டுவதில்லை. நாமும் வாயில் திறந்ததே போதும் என்று உள்ளே போய்விடுகிறோம். இந்தக் கையேட்டின் வாசகர் அப்படியே தொடர்வது நல்லது. மீதியைக் கேட்கத் தொடங்கினால் வேலைக்குத் தாமதமாகும்.

மீதி தெரியாமல் போவது எப்படி இருக்கும் என்பதற்கு டிரேஸ்டுகெதரைவிட நல்ல பாடம் இல்லை, ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாக. 2020 மார்ச் 20 அன்று அந்தச் செயலி வந்தது. யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை புளூடூத் மூலம் குறித்துவைக்கும், கொவிட் வந்தால் தொடர்பில் இருந்தவர்களைத் தேடலாம். தேவை கண்கூடானது. ஏப்ரல் தொடக்கத்தில் முஸ்தபா சென்டரில் தொற்றுக் குழுமம் உருவாகி, இரவும் பகலும் திறந்திருந்த அந்தக் கடையே மூடிக் கிடந்தது. அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டு போனால் ஊழியர் தங்குவிடுதிகள் வரை போயிற்று. அந்த நேரத்தில் செயலியைப் பதிவிறக்கியவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், நானும் அவர்களில் ஒருவன். ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், இந்தத் தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே என்றார். செப்டம்பரிலிருந்து சமூக மன்றங்களில் அதே வேலையைச் செய்யும் சிறு கருவிகளையும் கொடுத்தார்கள். பெரியவர்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்.

2021 ஜனவரி 4, வாட்ஸ்ஆப்புக்கு எதிராக நாம் போர் நடத்திக்கொண்டிருந்த அதே வாரம். நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ்க் காவல்துறை இந்தத் தரவையும் பெறலாம் என்றார். மறுநாள் விவியன் பாலகிருஷ்ணன், முன்பு பேசியபோது அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் மக்கள்தொகையில் நான்கில் மூன்று பேருக்கு மேல் பதிந்திருந்தார்கள். பிப்ரவரி 2 அன்று சட்டம் திருத்தப்பட்டது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடும் பாலியல் குற்றம் போன்ற ஏழு வகைகளுக்கு மட்டுமே என்று வரம்பு கட்டினார்கள். அதுவரை தரவைக் காவல்துறை தேடியது ஒரே ஒரு கொலை வழக்கில்தான், அதிலும் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதிலிருந்து கையேடு எடுத்துக்கொள்ளும் பாடம்: கொடுக்கும்போது "எதற்கு?" என்று ஒரு முறை கேட்கலாம், அது நாகரிகம். பதில் கிடைத்ததும் திருப்தியடைந்துவிட வேண்டும். "அதற்கு மட்டும்தானா? எதுவரை?" என்று தொடர்ந்து கேட்பவரைக் கூட்டங்களுக்கு அழைக்க மாட்டார்கள். உண்மையில் கொடுப்பதில் அல்ல, கொடுத்த பிறகு காரணம் இடம்மாறுவதில்தான் சிக்கலே இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் கையேடு நீண்டுவிடும். 2023 பிப்ரவரியில் டிரேஸ்டுகெதர் ஓய்வு பெற்றது, தரவு அழிக்கப்படும் என்று அறிவித்தார்கள், மேலே சொன்ன கொலை வழக்குக்குரியதைத் தவிர. வழக்கு மறுபடி திறக்கப்படலாம் அல்லவா.

இந்த இடத்தில் ஒரு பின்குறிப்பு. நீங்கள் தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியராக இருந்தால் இந்தக் கையேடு உங்களுக்குப் பொருந்தாது. கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. 2020 முதல் உங்களிடம் தினமும் செயலியில் உடல் வெப்பநிலை கேட்டார்கள், கொடுத்தீர்கள். வேலைக்குப் போகச் செயலியில் பச்சை நிறம் வர வேண்டும் என்றார்கள், விடியற்காலையில் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். 2022 ஜூன் 24 முதல் விடுதியை விட்டு வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டாம் என்று தளர்த்தியபோது, ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கு மட்டும் தனி அனுமதி வைத்தார்கள், ஒரு நாளைக்கு 80,000 பேர் வரை. அதாவது செராங்கூன் சாலையில் ஒரு மசால் தோசை சாப்பிட, நண்பனைப் பார்க்க, செயலியில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதே தோசைக்கு நான் பேருந்தில் வந்து இறங்கினேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த அனுமதியும் கைவிடப்பட்டது. அது இருந்த மாதங்களில் நம் குழுக்களில் அதைப் பற்றி ஒரு சிறு போர்முரசுகூடக் கேட்ட நினைவு இல்லை.

ஊழியர்கள் தரப்புக் கணக்கும் ஒன்று உண்டு, அது நம்முடையதைவிட நேர்மையானது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவர் ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலில் உட்கார்ந்தபடி பணம் அனுப்பும் செயலியைக் காட்டினார். பாஸ்போர்ட்டைப் படமெடுத்திருக்கிறது, முகத்தை இடவலமாகத் திருப்பச் சொல்லியிருக்கிறது, வேலை அனுமதி எண்ணை வாங்கியிருக்கிறது. பயமாக இல்லையா என்று கேட்டேன். "முந்தி ஞாயித்துக்கெழம பாதி நாளு க்யூவுலதாண்ணே போகும். இப்ப கட்டில்ல படுத்துக்கிட்டே அனுப்பிருவேன். என் மூஞ்சி அவங்ககிட்ட இருந்துட்டுப் போவுது, காசு அம்மாகிட்ட இருக்குல்ல?" என்றார். எதைக் கொடுத்தார், எதை வாங்கினார், மீதி என்ன என்று மூன்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரிடம் மேற்கொண்டு யோசனை சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. தலைக்கு மேலே கேமரா ஒன்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு இந்தப் பேட்டையில் அவை பெருகின. நாடு முழுவதும் காவல்துறைக் கேமராக்கள் 2021இல் 90,000ஐத் தாண்டிவிட்டன, 200,000 ஆக்கும் திட்டமும் அப்போதே சொல்லப்பட்டது. இரவு பன்னிரண்டு மணிக்குத் தனியாக வீடு திரும்பும் என் தங்கை அதில் குறை காண மாட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தரவு திருட்டுப் போனால் என்ன செய்வது? பதற வேண்டாம், நல்ல துணை இருக்கிறது. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. அவர்களில் 160,000 பேருக்கு வெளிநோயாளிப் பிரிவில் கொடுத்த மருந்துகளின் விவரமும் போயிற்று. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் பதிவுகளைக் குறிவைத்து மீண்டும் மீண்டும் தேடியிருந்தார்கள். தன் மருந்துப் பட்டியலில் திகைக்கவைக்கும் அளவுக்கு எதுவும் இல்லை என்ற பொருளில் அவர் ஃபேஸ்புக்கில் எழுதினார். ஆக, உங்கள் இரத்தக்கொதிப்பு மாத்திரையின் பெயர் பிரதமரின் மருந்துகளோடு ஒரே மூட்டையில் எங்கோ பயணம் போயிருக்கிறது. தேர்தலில்கூட இப்படி ஒரு சமத்துவம் கிடைக்காது. கணினி அமைப்பைக் கவனித்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளி, சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி அபராதம். கரவோக்கே பாடப் போனவர்களும் தப்பவில்லை. கே பாக்ஸ் நிறுவனத்தின் 317,000 உறுப்பினர்களின் விவரங்கள் 2014இல் வெளியாயின, 50,000 வெள்ளி அபராதம். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காதீர்கள், மனம் நோகும்.

பிறகு தொலைபேசி வரும். உங்கள் முழுப்பெயரைச் சொல்லி, வங்கியின் பெயரைச் சொல்லி, மரியாதையாகப் பேசுவார்கள். சொந்தக்காரர்கள்கூட நம் பெயரைச் சரியாக உச்சரிக்காத காலத்தில் இது மனதைத் தொடும். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் போன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. சந்தேகமாக இருந்தால் 1799ஐ அழைக்கலாம், ஸ்கேம்ஷீல்டு செயலியை நிறுவலாம். நிறுவும்போது உங்கள் குறுஞ்செய்திகளை வடிகட்ட அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். விளம்பர அழைப்பு வேண்டாம் என்றால் அதற்கென்று ஒரு பதிவகம் 2014 முதல் இருக்கிறது, அங்கே உங்கள் எண்ணைப் பதிய வேண்டும். எண்ணைக் கொடுக்காமல் எண்ணைக் காப்பாற்ற வழியில்லை. கிண்டலாகச் சொன்னாலும் இரண்டையும் செய்யுங்கள், நானும் செய்திருக்கிறேன்.

இவ்வளவு படித்தும் மீதியைக் கேட்டே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வழி. 2012இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு வேறு விதிகள். ஆனால் மற்ற எந்த நிறுவனத்திடமும் நீங்கள் கேட்கலாம்: என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் அதை எதற்குப் பயன்படுத்தினீர்கள், யாரிடம் கொடுத்திருக்கக்கூடும். நியாயமான கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. 30 நாளில் பதில் தர முடியாவிட்டால் எப்போது தருவார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கடை சிறிதோ பெரிதோ, தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். கேம்பல் லேனில் ஒரு புடவைக்கடையில், உறுப்பினர் அட்டைக்குப் படிவம் நீட்டிய அண்ணனிடம் அந்தப் பொறுப்பாளர் யார் என்று கேட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கேட்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது... நான்தான்னு நினைக்கிறேன். இல்ல, மச்சானா? இருங்க, கேட்டுச் சொல்றேன். உங்க நம்பரக் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தேன். தீபாவளித் தள்ளுபடிச் செய்தி தவறாமல் வருகிறது. மச்சான் இன்னும் அழைக்கவில்லை.